பெண்கள் ரோடு ரேஸ்: சின்னக் கூட்டத்தில் ஓட்டத் தயாராவது எப்படி?

கடைசிச்சுற்று:
ரோடு ரேஸ் தயாரிப்பு என்று தேடினால் கிடைப்பதெல்லாம் அறுபது எழுபது பேர் ஓட்டும் ஆண்கள் ரேஸுக்கான அறிவுரைதான். "கூட்டத்துக்குள் ஒளிந்துகொள், கடைசி 500 மீட்டர் வரை சக்தியைச் சேமி" என்பார்கள். நம் ஊர் அமெச்சூர் ரேஸ்களில் பெண்கள் பிரிவில் பத்துப் பதினைந்து பேர் நின்றாலே பெரிய கூட்டம். அதிலும் பல வருடம் பயிற்சி எடுத்தவர்களும் போன மாதம் ரோடு பைக் வாங்கியவர்களும் ஒரே கோட்டிலிருந்து கிளம்புவார்கள். முதல் ஏற்றத்திலோ முதல் வேகமான பத்து நிமிடத்திலோ அது மூன்று துண்டாகிவிடும். அதன் பிறகு ஒவ்வொருவருக்கும் அது கிட்டத்தட்ட டைம் ட்ரையல்தான் (தனியாக நேரத்தோடு போட்டி போடுவது). இந்த நிலைமைக்குத் தகுந்த விஷயங்களை மட்டும் இந்த இழையில் சேர்ப்போம். சைக்கிள் அமைப்பு, சாப்பாடு, உடம்பு, தந்திரம் எதுவானாலும் சரி. விவரமாக எழுதுங்கள்.

நிழல்சக்கரம்:
கூட்டத்தின் அளவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். 2018-இல் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பெர்ட் ப்ளோக்கன் குழு 121 பேர் கொண்ட பெலட்டனை (நெருங்கி ஓட்டும் பெரிய கூட்டத்தை) ஆராய்ந்தது. நடுவிலும் பின்னாலும் இருப்பவர் சந்திக்கும் காற்றுத் தடை, தனியாகப் போகிறவர் சந்திப்பதில் 5 முதல் 10 சதவீதம்தான் என்று தெரிந்தது. நான்கு பேர் வரிசையில் இந்தச் சலுகை கிடையாது. இரண்டாவது சக்கரத்தில் இருந்தால் தடை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும், அவ்வளவுதான். அதோடு நான்கில் ஒரு பங்கு நேரம் முன்னால் நின்று இழுக்கவும் வேண்டும்.

ஆகவே பயிற்சியில் ஸ்ப்ரிண்டைவிட ஒரு மணி நேரம் தாங்கும் சக்திதான் பெண்கள் ரேஸை முடிவு செய்கிறது. வாரத்தில் ஒரு நாள் எஃப்டிபியில் (ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய அதிகபட்ச வாட்) 95 முதல் 100 சதவீதத்தில் 20 நிமிடம் இரண்டு முறை, நடுவே 8 நிமிட ஓய்வு. இன்னொரு நாள் 40 நொடி முழு வேகம், 20 நொடி தளர்வு என்று பத்து முறை, அதை மூன்று செட். முதலாவது தனியாக ஓட்டுவதற்கு. இரண்டாவது, துண்டாகும் அந்த ஐந்து நிமிடத்தில் முன் துண்டில் ஒட்டிக்கொள்வதற்கு. 20 நிமிட இன்டர்வலை ட்ராப்பில் (ஹேண்டில்பாரின் கீழ் வளைவில்) கை வைத்தே ஓட்டுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து 200 வாட் காட்டுபவர், குனிந்ததும் 180-க்கு இறங்குவது சாதாரணம். ரேஸில் செல்லுபடியாவது அந்த 180தான்.

கொல்லிமலை70:
ஏற்றம் உள்ள ரேஸ் என்றால் முதலில் கியரைப் பாருங்கள். 55 கிலோ எடை, சைக்கிளும் தண்ணீரும் சேர்த்து இன்னொரு 10 கிலோ, 165 வாட், அதாவது கிலோவுக்கு 3 வாட் என்று வைத்துக்கொள்வோம். 8 சதவீத ஏற்றத்தில் வேகம் மணிக்கு ஏறக்குறைய 10 கி.மீ. அந்த வேகத்தில் முன்னால் 34, பின்னால் 28 பல் போட்டால் காடென்ஸ் (நிமிடத்துக்கு பெடல் சுற்று) 66. 34க்கு 34 போட்டால் 80. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். 66-இல் அரைத்துக்கொண்டே போனால் பாதி மலையில் தொடை கல்லாகிவிடும். ஊட்டி கல்லட்டி மலைச்சாலையில் 36 வளைவுகள்தான், ஆனால் பல இடங்களில் 10 சதவீதத்தைத் தாண்டும். அங்கே இன்னும் மோசம்.

கடையில் "ரேஸுக்கு 11-28 போதும்" என்று சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அது 300 வாட் போடுகிறவருக்கான கணக்கு. 11-34 கேசட் (பின் பல்சக்கர அடுக்கு) போடுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமே இல்லை.

சங்கிலிக்காரர்:
கேசட்டை மட்டும் மாற்றிவிட்டு ரேஸுக்குப் போய்விடாதீர்கள். டிரெயிலர் (பின்னால் கியர் மாற்றும் கருவி) எந்த வகை என்று பாருங்கள். ஷிமானோ 105 ஆர்7000 வரிசையில் குட்டைக் கேஜுக்கு (ஜாக்கி என்ற இரண்டு சின்னச் சக்கரங்களைத் தாங்கும் சட்டம்) எல்லை 30 பல். 34 வேண்டுமென்றால் நீளக் கேஜ் வேண்டும். செயினும் புதிதாகப் போட வேண்டும், பழைய நீளம் போதாது. முன்னால் பெரிய செயின்ரிங் (பெடல் பக்கப் பல்சக்கரம்), பின்னால் பெரிய பல் இரண்டின் மேலும் டிரெயிலர் வழியாக இல்லாமல் நேராகச் சுற்றி, அதற்கு மேல் இரண்டு கண்ணி விட்டு வெட்டுவது பாதுகாப்பு. நீளம் குறைந்தால் பதற்றத்தில் பெரிய-பெரிய கியர் விழும் நொடியில் டிரெயிலர் ஹேங்கர் (அதைச் சைக்கிளில் மாட்டும் துண்டு) உடையும். ரேஸ் அங்கேயே முடிந்தது. மாற்றிய பிறகு பி-ஸ்க்ரூவைத் திருகி மேல் ஜாக்கி சக்கரம் 34 பல்லை உரசாமல் வைக்க வேண்டும். ஸ்டாண்டில் சரியாக விழும் கியர் சுமையோடு விழாது. குறைந்தது ஒரு மலை ஏற்றத்தில் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் ரேஸ்.

பிரேக் லீவரையும் சொல்லிவிடுகிறேன். கை சின்னதாக இருந்தால் லீவர் எட்டாது. ட்ராப்பில் இருந்து இரண்டு விரலால் பிடிக்க முடியாதவர் இறக்கத்தில் ஹூட்டிலேயே (லீவரின் மேல் ரப்பர் பிடியிலேயே) தொங்குவார். அதனால்தான் இறக்கத்தில் பின்தங்குகிறார்கள், பலர் நினைப்பது போல பயத்தினால் மட்டுமல்ல. லீவரிலேயே ரீச் திருகு இருக்கிறது. உள்ளே கொண்டுவந்த பிறகு, முழு அழுத்தத்தில் லீவர் ஹேண்டில்பாரைத் தொடுவதற்கு முன்பே பிரேக் பிடிக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். தொட்டால் கேபிளை இறுக்கணும். ஹைட்ராலிக் என்றால் ப்ளீட் செய்யணும் (உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றணும்).

தாரணி_ரோடி:
ஹேண்டில்பார் அகலம் பற்றியும் யாராவது சொல்லுங்களேன். 42 செ.மீ. பார் போட்டு வரும் சைக்கிளில் தோள் விரிந்து கழுத்து வலிக்கிறது என்று எங்கள் குழுவில் பல பேர் சொல்கிறார்கள். 36 வாங்கலாமா?

சங்கிலிக்காரர்:
தோள் எலும்பின் இரண்டு முனைகளுக்கு நடுவே அளந்து, அந்த அகலமே மையத்திலிருந்து மையம் வரையான பார் அகலம் என்று தொடங்கலாம். பல பெண்களுக்கு அது 36 முதல் 38 வரை வரும். ஆனால் யுசிஐ (சர்வதேச சைக்கிள் சம்மேளனம்) 2026 ஜனவரி 1 முதல் மாஸ் ஸ்டார்ட் (எல்லோரும் ஒன்றாகக் கிளம்பும்) ரோடு ரேஸில் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை குறைந்தது 400 மி.மீ. வேண்டும் என்று விதித்திருக்கிறது. மையத்துக்கு மையம் 38 என்று விற்பது குழாயின் தடிமனோடு சேர்த்து 40-ஐத் தொட்டுவிடும். நேரான 36 தொடாது. கீழே விரிந்து போகும் 36 தேறக்கூடும், ஏனென்றால் அளப்பது அகலமான இடத்தில். யுசிஐ விதிப்படி நடக்கும் ரேஸுக்குப் போகிறவர் டேப் வைத்து அளந்துவிட்டு வாங்குங்கள்.

இந்த விதி சின்ன உடம்புக்காரர்களுக்கு நியாயமில்லாதது என்பது என் கருத்து. பரந்த தோள் உள்ளவருக்கு 400 ஒரு தடையே இல்லை. குறுகிய தோள் உள்ளவரோ தன் உடம்புக்குப் பொருந்தாத அளவில் ஓட்ட வேண்டியிருக்கிறது.

அகலத்தோடு ஸ்டெம் (பாரைப் பிடித்திருக்கும் பாகம்) நீளத்தையும் சேர்த்து யோசியுங்கள். கிராங்க்கை (பெடல் கை) 170 மி.மீ.-இலிருந்து 165 ஆக்கினால் சேடிலை 5 மி.மீ. உயர்த்த வேண்டும். அதைச் செய்யாமல் விட்டு முட்டி வலி என்று வருகிறவர்கள் நிறைய. கார்பன் சீட்போஸ்ட்டுக்கு கார்பன் பேஸ்ட் தடவி, அதன் மேல் எழுதியிருக்கும் டார்க்குக்குத் திருக வேண்டும். பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர். கையால் "கொஞ்சம் டைட்டாக" என்றால் வெடிக்கும்.

உப்புக்காற்று:
டயர் காற்று: பஞ்சர் கடையில் 100 போட்டுவிடுவார்கள். 55 கிலோ ஆளுக்கு 28 மி.மீ. ட்யூப்லெஸ் டயரில் முன்னால் 58-60, பின்னால் 62-65 பிஎஸ்ஐ போதும். மழை என்றால் இன்னும் 5 குறையுங்கள். ட்யூப் போட்டிருந்தால் 5 கூட்டுங்கள். ஹூக்லெஸ் ரிம் (டயரைப் பிடிக்கும் உள்விளிம்புக் கொக்கி இல்லாதது) என்றால் 72.5-ஐத் தாண்டவே கூடாது, டயர் கழன்று போகும். காற்று அதிகமாக இருந்தால் இலகுவான ஆள் சாலையில் துள்ளிக்கொண்டே போவார். துள்ளும் சக்கரத்துக்கு வளைவில் பிடிப்பு இல்லை.

அடுத்து காற்று. ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) ரேஸ் என்றால் கடல்காற்று எழும் நேரத்தைக் கணக்கில் வையுங்கள். தெற்கே போகும்போது கடல் இடது பக்கம். காற்றும் இடமிருந்து வரும். பின்னால் வருகிறவர் நேர் பின்னால் நின்றால் நிழல் கிடைக்காது. முன்னவரின் வலது பக்கம் சற்றுத் தள்ளி நிற்க வேண்டும். முன்னால் இழுக்கிறவர் இடது ஓரத்தில் ஒரு ஆள் நுழைய இடம் விட்டு ஓட்டினால்தான் மற்ற மூன்று நான்கு பேர் மையக்கோட்டுக்குள் சாய்ந்த வரிசையாக நிற்க முடியும். இழுத்து முடித்தவர் காற்று வரும் பக்கமே, அதாவது இடது பக்கமே விலகிப் பின்னால் வர வேண்டும். திரும்பி வடக்கே வரும்போது எல்லாம் தலைகீழ்: முன்னவர் மையக்கோட்டை ஒட்டி, மற்றவர்கள் இடது ஓரம் நோக்கி. அந்த ஓரத்தில்தான் மணல் கிடக்கும். கடைசி ஆளாக மணலில் மாட்டாதீர்கள். முன்னவர்களை வலதுபுறம் நகரச் சொல்லிக் கத்துங்கள்.

50 மி.மீ. உயர ரிம் உள்ள முன் சக்கரம் இலகுவான ஆளை அந்தக் காற்றில் பக்கவாட்டில் தள்ளும். பின்னால் 50, முன்னால் 35 என்று போடுவது நல்ல சமரசம்.

நிழல்சக்கரம்:
நான்கு பேர் சுழற்சியில் பெரும்பாலும் கெடுவது ஒரே விஷயத்தால். முன்னால் வந்ததும் உற்சாகத்தில் வேகம் கூட்டுவார்கள். சைக்கிள் கணினியில் 34 கி.மீ. என்றால் 34-லேயே வாருங்கள். விலகும் ஆள் ஒரு கி.மீ. வேகம் குறைத்தால் போதும், நீங்கள் கூட்டத் தேவையில்லை. ஒரு முறைக்கு 20 முதல் 30 நொடி. பலமானவர் 40 நொடி இழுக்கலாம், ஆனால் அதே வேகத்தில். பலவீனமானவர் 10 நொடி இழுத்தாலும் துண்டு உயிரோடு இருக்கும். அவரைத் திட்டித் துரத்திவிட்டு மூன்று பேராக மிச்சமிருப்பதில் யாருக்கும் லாபமில்லை.

இன்னொன்று: ஆண்கள் பிரிவும் அதே சாலையில் ஓடும்போது, முந்திப்போகும் ஆண்கள் கூட்டத்தின் சக்கரத்தைப் பிடித்துப் போவதைப் பொதுவாக விதி அனுமதிப்பதில்லை. தகுதி நீக்கம் வரை போகும். கமிசேர் (ரேஸ் நடுவர்) சொல்லும் முன்னறிவிப்பைக் கவனமாகக் கேளுங்கள். அவர்கள் தாண்டும்போது இடது ஓரம் ஒதுங்கி, கோட்டை மாற்றாமல் நேராக ஓட்டுங்கள்.

கடைசிச்சுற்று:
தனியாகப் பிரிந்து போவதைப் பற்றி எழுதுங்கள். சின்னக் கூட்டத்தில் அது ஆண்கள் ரேஸைவிட அதிகம் பலிக்கும் என்று சொல்வார்களே?

நிழல்சக்கரம்:
பலிக்கும். இதற்கு மிகச் சிறந்த பாடம் டோக்கியோ ஒலிம்பிக் பெண்கள் ரோடு ரேஸ், 2021 ஜூலை 25. ஆஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோஃபர். கணிதத்தில் முனைவர், அப்போது எந்தத் தொழில்முறை அணியிலும் ஒப்பந்தம் இல்லாத அமெச்சூர், அவர் நாட்டிலிருந்து அந்த ரேஸில் ஒரே ஆள். களத்தில் மொத்தமே 67 பேர், தூரம் 137 கி.மீ. கொடி இறங்கிய இடத்திலேயே தாக்கினார். அவரோடு ப்ளிஹ்தா, ஷாப்பிரா, ஓபர்ஹோல்ட்சர், லூசர் என்று நால்வர் சேர்ந்தார்கள். பின்னால் இருந்த நெதர்லாந்து அணி துரத்தாததால் இடைவெளி பத்து நிமிடத்தைத் தாண்டியது. ககோசாக்கா கணவாய் ஏற்றத்தில், முடிய 41 கி.மீ. இருக்கும்போது, மிச்சமிருந்த இருவரையும் விட்டுவிட்டுத் தனியாகப் போனார். 75 நொடி வித்தியாசத்தில் தங்கம். பின்னால் வந்த நெதர்லாந்தின் ஃபான் ஃப்ளூட்டன், தான்தான் முதலாவது என்று நினைத்துக் கோட்டில் கையைத் தூக்கினார்.

அதிர்ஷ்டம் என்று பலர் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒலிம்பிக்கில் அணியோடு பேசும் ரேடியோ கிடையாது. ஓர் அணியில் அதிகபட்சம் நான்கு பேர். பெரிய அணி இல்லாத இடத்தில் துரத்தும் வேலையை யார் செய்வது என்ற பேச்சிலேயே நேரம் போகும். கடைசிக் கிலோமீட்டர்களில் ப்ளிஹ்தாவையும் ஷாப்பிராவையும் பிடித்ததும், பிடிக்க வேண்டியவர்கள் முடிந்தார்கள் என்று பின்னால் இருந்தவர்கள் நினைத்தார்கள். நம் அமெச்சூர் ரேஸில் இந்த நிலைமைகள் எல்லாமே அப்படியே இருக்கின்றன: ரேடியோ இல்லை, அணி இல்லை, எத்தனை பேர் முன்னால் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது.

கணக்கும் பாருங்கள். நீங்கள் மணிக்கு 36 கி.மீ.யில் போகிறீர்கள், 30 நொடி முன்னால். அது 300 மீட்டர். பின்னவர்கள் 38-இல் துரத்தினாலும் உங்களைப் பிடிக்க 9 நிமிடம் ஆகும், 5.7 கி.மீ. ஓட வேண்டும். இரண்டு வளைவு தாண்டிக் கண்ணுக்கு மறைந்துவிட்டால் பலர் அந்த 9 நிமிடத்தைச் செலவிட மாட்டார்கள்.

கொல்லிமலை70:
எப்போது தாக்குவது என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். முன்னால் இழுத்து முடித்த கையோடு தாக்கக்கூடாது, உங்களிடம் மிச்சமே இருக்காது. மூன்றாவது நான்காவது சக்கரத்திலிருந்து, சாலையின் மறுபக்கமாக, வேகத்தோடு கடந்து போகணும். ஏற்றத்தின் அடியில் தாக்குகிறவர்கள்தான் அதிகம். உச்சிக்கு 200 மீட்டர் முன்னால் தாக்குவது மேல். எல்லோரும் உச்சியில் மூச்சு வாங்க நினைக்கும் அந்த நொடியில் நீங்கள் இறக்கத்தில் வேகம் எடுத்திருப்பீர்கள். முதல் 30 நொடி எஃப்டிபியின் ஒன்றரை மடங்கு, பிறகு உடனே 95 சதவீதத்துக்கு இறங்கிவிடணும். அந்த முதல் வேகத்திலேயே இரண்டு நிமிடம் போனால் பத்தாவது நிமிடம் பிடித்துவிடுவார்கள்.

தாரணி_ரோடி:
சாப்பாடு, தண்ணீர்? இரண்டரை மணி நேர ரேஸுக்கு.

மருந்துப்பெட்டி:
மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து. வயிறு பழகியிருந்தால் 90 வரை. விலை கொடுத்து வாங்க வேண்டிய அவசியமில்லை. 750 மி.லி. பாட்டிலில் 60 கிராம் சர்க்கரை (மேசைக்கரண்டியில் ஐந்து), கால் தேக்கரண்டி உப்பு, அரை எலுமிச்சை. சர்க்கரை பாதி குளுக்கோஸ் பாதி ஃப்ரக்டோஸ் என்பதால் குடல் இரண்டு வழியாகவும் உறிஞ்சும். ஓஆர்எஸ் பொட்டலம் இதற்கு மாற்று இல்லை, லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான், வயிற்றுப்போக்குக்கான கணக்கு அது. கடலை மிட்டாயில் கொழுப்பும் புரதமும் இருப்பதால் ரேஸ் நடுவே வேண்டாம், முடிந்த பிறகு அருமை. நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராம் சுமாருக்கு இருக்கும், ஆனால் 170 இதயத்துடிப்பில் மெல்வது கஷ்டம். முதல் மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

யாரும் பேசாத ஒன்று: கிளம்பும் இடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை என்பதால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் நிற்கிறார்கள். நம் வெயிலில் இது ஆபத்து. இரண்டு மணி நேரம் முன்பு அரை லிட்டர் குடித்து, கிளம்புவதற்கு முன் போய்விட்டு, பிறகு மடக்கு மடக்காகக் குடியுங்கள். பெயர் பதியும்போதே அமைப்பாளரிடம் கழிப்பறை எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். ஐந்து பேர் கேட்டால் வைப்பார்கள். பின்புறம் கொக்கி கழன்று இறங்கும் பிப் ஷார்ட்ஸ் இருந்தால் ஜெர்சியைக் கழற்ற வேண்டியதில்லை.

ஷார்ட்ஸுக்குள் உள்ளாடை போடக்கூடாது. அதன் தையல்தான் புண்ணின் ஆரம்பம். அந்த இடத்தில் சவரம், வாக்ஸிங் இரண்டும் வேண்டாம். முடி உராய்வைக் குறைக்கிறது. மழித்தால் வேர்க்காலில் கிருமி புகுந்து கட்டியாகும். கத்தரியால் குறைப்பது போதும். மாதவிடாய் நாளில் பேட் விளிம்பு இரண்டு மணி நேரத்தில் தோலை அறுத்துவிடும். கப் அல்லது டாம்பான் நல்லது, ஆனால் ரேஸுக்கு இரண்டு மூன்று சுழற்சி முன்பே பழகியிருக்க வேண்டும்.

எடையைக் குறைத்தால் கிலோவுக்கு வாட் கூடும் என்று சாப்பாட்டைக் குறைக்கிறார்கள். மூன்று மாதம் மாதவிடாய் வராவிட்டால் "பயிற்சி எடுத்தால் அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். உடம்பு ஆற்றல் பற்றாக்குறையில் இருக்கிறது, எலும்பு மெலிகிறது. மருத்துவரிடம் போய் ஃபெரிட்டினும் (உடம்பின் இரும்புச்சத்துச் சேமிப்பு) விட்டமின் டி-யும் பாருங்கள். கருத்தடை மாத்திரை எடுப்பவருக்கு வரும் ரத்தப்போக்கு உண்மையான சுழற்சி அல்ல என்பதால் இந்த எச்சரிக்கை அவர்களுக்குத் தெரியாமலே போகும். சைவம் சாப்பிடுகிறவர் சாப்பாட்டோடு டீ குடிப்பதை நிறுத்தினாலே இரும்புச்சத்து கூடுதலாக ஏறும்.

உப்புக்காற்று:
மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரை ஊக்கமருந்துப் பரிசோதனையில் சிக்குமா?

மருந்துப்பெட்டி:
நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் நோரெத்திஸ்டெரோன். தடைப் பட்டியலில் இல்லை. ஆனால் அது சிறுநீரில், நாண்ட்ரோலோன் என்ற ஊக்கமருந்து எடுத்தவருக்கு வரும் அதே 19-நோராண்ட்ரோஸ்டெரோனைக் கொஞ்சம் காட்டலாம். ஆய்வகம் இதைப் பிரித்தறியும், இருந்தாலும் பரிசோதனைப் படிவத்தில் மாத்திரையின் பெயரை எழுதிவிடுங்கள். மருத்துவரைக் கேட்காமல் கடையில் வாங்கி விழுங்காதீர்கள்.

அதைவிடப் பெரிய பொறி குளுக்கோஸ் ஏற்றுவது. ரேஸ் முடிந்து களைப்பாக இருக்கிறது என்று பக்கத்துக் கிளினிக்கில் ட்ரிப் போடுவது நம் ஊர் வழக்கம். 12 மணி நேரத்தில் 100 மி.லி.க்கு மேல் நரம்பில் ஏற்றுவதே தடை செய்யப்பட்ட முறை, உள்ளே போவது வெறும் உப்புநீராக இருந்தாலும். மருத்துவமனைச் சிகிச்சை, அறுவை சிகிச்சை, நோய் கண்டறியும் பரிசோதனை இவற்றுக்கு மட்டும் விலக்கு. நினைவு தப்பினால் ஒரு நொடியும் யோசிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள், ஆவணங்களை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வெறும் களைப்புக்கு வாய்வழியாகக் குடியுங்கள். முட்டியில் போடும் ஸ்டீராய்டு ஊசி 2022 முதல் போட்டிக் காலத்தில் தடை. ட்ராமடால் 2024 முதல். போட்டிக் காலம் முந்தின நாள் இரவு 11.59-க்கே தொடங்குகிறது. பொருள் பட்டியல் அச்சிடாத லேகியம், சூரணம், ஜிம்மில் கொடுக்கும் பொடி எதையும் தொடாதீர்கள். உடம்பில் இருந்ததற்கு வீராங்கனைதான் பொறுப்பு, விற்றவர் அல்ல.

தாரணி_ரோடி:
நன்றி. இன்னொரு சின்னக் கேள்வி. பின்தொடரும் வண்டியில் சக்கரம் கிடைக்காத ரேஸில் என்ன எடுத்துப் போவது?

சங்கிலிக்காரர்:
ஒரு டிபியு (இலகுவான பிளாஸ்டிக்) ட்யூப், ஒரு டயர் லீவர், ட்யூப்லெஸ் என்றால் அடைக்கும் ப்ளக், காற்றடைக்க 16 கிராம் சிஓ2 குப்பி இரண்டு, கியருக்குப் பொருந்தும் குவிக் லிங்க் (அறுந்த செயினை இணைக்கும் கண்ணி) ஒன்று. எல்லாம் ஜெர்சியின் நடுப் பாக்கெட்டில் அடங்கும். விழுந்தால் முதுகெலும்பின் மேல் அழுத்தாதபடி, கூரான மல்டிடூலை மட்டும் சேடில் அடியில் கட்டுங்கள். ட்யூப் வால்வ் உங்கள் ரிம்மின் உயரத்துக்கு எட்டுகிறதா என்று வீட்டிலேயே பாருங்கள்; 50 மி.மீ. ரிம்முக்கு 65 அல்லது 80 மி.மீ. வால்வ் வேண்டும். நம்பர் துணியை மூலைக்கு ஒன்று, நடுவில் இரண்டு என்று ஆறு ஊக்கால் குத்துங்கள். ஜெர்சியை மாட்டிக் குனிந்த நிலையில் யாரையாவது குத்தச் சொல்லுங்கள். நிமிர்ந்து நின்று குத்தினால், ஓட்டும்போது பாய்மரமாக உப்பி அடித்துக்கொண்டே இருக்கும். பாக்கெட்டையும் சேர்த்துத் தைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.